ஒழுகும் வால்வும் மலையின் எடையும்

நுவரெலியாவில் வீட்டைச் சூடாக்க யாரும் பொயிலர் வைப்பதில்லை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸை ஒட்டியது. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்வெளியிலும் காய்கறிப் பாத்தியிலும் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். ஆனாலும் தேயிலைத் தோட்டத்துத் துரைமார் கட்டிய பங்களாக்களில் கணப்படுப்போடு விஷயம் முடிந்துவிட்டது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவில் சோறு வேகும் அடுப்புத்தான் கணப்பும். சுவர் நெடுகக் குழாய் ஓட்டி, அதில் சுடுநீரைச் சுற்றவிட்டு அறையைச் சூடாக்கும் ஐரோப்பிய வழக்கம் இந்த மலைக்குப் பரவவில்லை.

வந்தது குளிக்கும் தண்ணீருக்கான பொயிலர். அதுவும் முதலில் பங்களாவுக்குத்தான் வந்தது. சமையலறைக்குப் பின்னால் விறகு எரித்துச் சூடாக்கும் தொட்டி, அங்கிருந்து குளியலறைக்கு ஓர் இரும்புக் குழாய். இன்று அந்த இடத்தை மின்சாரக் கீசர் பிடித்துவிட்டது. சுற்றுலா விடுதி, ஹட்டன் நகரத்து மாடிவீடு, கொழும்பிலோ வெளிநாட்டிலோ உழைக்கும் பிள்ளைகள் காசு அனுப்பிக் கட்டிய தோட்டப்புற வீடு என்று பல இடங்களில் குளியலறைச் சுவரில் ஒரு வெள்ளை உருளை தொங்குகிறது.

அந்த உருளையைப் பற்றி அடிக்கடி கேட்கும் முறைப்பாடு, அது ஒழுகுகிறது என்பது. பிளம்பர் வருவார். வெள்ளை டேப் சுற்றுவார், ஸ்பேனரால் இன்னும் அரைச்சுற்று இறுக்குவார், காசை வாங்கிக்கொண்டு போவார். கொஞ்ச நாள் காய்ந்திருக்கும். பிறகு ஓர் இரவில் மறுபடி சொட்டும். அப்படிச் சொட்டும் நீரில் நிறைய, ஓட்டையால் வருவதே இல்லை. சூடேறிய நீர் இடம் கேட்கிறது. மேலே இருக்கும் மலை தன் பங்குக்கு நெருக்குகிறது. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட சின்ன வால்வு ஒன்று தன் வேலையைச் செய்கிறது. உண்மையான ஓட்டையும் உண்டு, அதற்கு வேறு நிறம். அதைப் பிறகு பார்ப்போம்.

50 லீட்டர் கீசர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பைப்பில் வரும் நீர் 15 பாகையில் இருக்கிறது என்று வையுங்கள். அதை 65 பாகைக்கு ஏற்றினால் கனவளவு கிட்டத்தட்ட 1.9 சதவீதம் கூடும். 50 லீட்டரில் அது ஏறக்குறைய 940 மில்லிலீட்டர். உருக்குத் தொட்டியும் சூட்டில் விரியும் என்பது உண்மைதான், ஆனால் அதனால் உள்ளே கூடும் இடம் 90 மில்லிலீட்டர் அளவுதான். மிச்சம் 850 மில்லிலீட்டர் எங்காவது போயாக வேண்டும்.

லயத்து அடுப்பில் இந்தக் கேள்வி எழாது. பானையின் வாய் திறந்திருக்கிறது. நீர்மட்டம் கொஞ்சம் உயரும், அதை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். விறகால் சூடாக்கும் பழைய பாணித் தொட்டியிலும் எழாது. அந்தத் தொட்டியின் உச்சியிலிருந்து ஒரு குழாய் மேலே ஏறி, குளிர்நீர் டாங்கியின் மட்டத்தையும் தாண்டி, வாய் திறந்தபடி வளைந்து நிற்கும். நீர் விரிந்தால் அந்தக் குழாயில் ஏறும். யாராவது மறதியில் விறகை அதிகம் தள்ளி நீர் கொதித்துவிட்டால் ஆவியும் அந்த வழியே போகும். நுவரெலியா உயரத்தில் அது நடக்க 100 பாகை தேவையில்லை, 94 பாகையே போதும். ஸ்பிரிங் கிடையாது, ரப்பர் கிடையாது, பழுதாவதற்கு அதில் எதுவுமே கிடையாது. அழகான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். தொட்டி கட்டியவர்களை யாரும் புகழ்ந்து நான் கேட்டதில்லை.

கீசர் மூடிய பாத்திரம். சுடுநீர்க் குழாயைத் திறக்காதவரை விரியும் நீருக்கு இருப்பது வந்த வழி மட்டும்தான். குளிர்நீர் உள்ளே வரும் பைப்பில் தடை ஏதும் இல்லையென்றால் அந்த 850 மில்லிலீட்டர் சத்தமில்லாமல் பின்னோக்கிப் போய்விடும், ஒரு துளியும் வெளியே தெரியாது. ஆனால் அந்த வழியில் ஒருவழி வால்வு வைப்பது இப்போது வழக்கம். காரணம் நியாயமானது: மேலே பைப் வெடித்தோ டாங்கி வற்றியோ போனால் கீசரின் நீரும் பின்னால் வடிந்துவிடும், நீரில்லாத தொட்டியில் சூடாக்கும் கம்பி கருகிப்போகும். ஒருவழி வால்வு வந்ததும் பின்வாசல் அடைபட்டது. பல வருடம் ஒழுகாத கீசர், புது வால்வு பூட்டிய வாரத்திலேயே சொட்டத் தொடங்குவதற்கு இதுதான் காரணம். பழி பிளம்பர் மேல் விழும். பாவம், அவர் சரியாகத்தான் செய்திருப்பார்.

நீர் பணிந்துபோகாத பொருள். காற்றை நெருக்கலாம், நீரை நெருக்கிச் சுருக்குவது ஏறக்குறைய நடக்காத காரியம். கொஞ்சமும் நெகிழாத ஒரு பாத்திரத்தில் நீரை நிரப்பி, வாயை அடைத்து, 15 பாகையிலிருந்து 65 பாகைக்கு ஏற்றினால் உள்ளே 300 பாருக்கும் மேல் அமுக்கம் உண்டாகும். நுவரெலியாவுக்குத் தலைமாட்டில் நிற்கும் பிதுருதலாகல மலை 2,524 மீட்டர். அந்த மலை உயரத்துக்கு ஒரு நீர்த்தூணை நிறுத்தினாலும் அடியில் கிடைப்பது 250 பாருக்குக் கிட்ட மட்டுமே. கீசர்த் தொட்டிகளை இதில் சின்னஞ்சிறு பங்கைத் தாங்கும்படிதான் செய்கிறார்கள். அதனால் வெப்பநிலை சில பாகை ஏறும்போதே தொட்டி பிதுங்கத் தொடங்கிவிடும், யாரும் வழி விடாவிட்டால்.

வழி விடுவது காப்பு வால்வு. கீசரின் அடியில், குளிர்நீர் நுழையும் இடத்தில், விரல் நீளப் பித்தளைத் துண்டு. பக்கவாட்டில் சின்ன மூக்கு. பல வகைகளில் ஒரு சிறு கைப்பிடியும் இருக்கும். உள்ளே ஸ்பிரிங் ஒன்று ரப்பர்த் தட்டை அழுத்திப் பிடித்திருக்கிறது. பெரும்பாலும் 6 முதல் 8 பார் வரையான ஏதோ ஓர் அமுக்கத்துக்கு அதை அமைத்திருப்பார்கள். அந்த அளவைத் தாண்டியதும் தட்டு மயிரிழை விலகி நீரைச் சொட்டவிடும். அமுக்கம் இறங்கியதும் மூடிக்கொள்ளும். நீங்கள் பார்க்கும் சொட்டு அதன் மூக்கிலிருந்து வருகிறது.

ஐரோப்பாவில் இதே சிக்கலுக்கு இன்னொரு விடை உண்டு. லண்டனிலோ சூரிச்சிலோ இருக்கும் நம் உறவினர் வீடுகளில் பொயிலர் அறைகளையும் சூடாக்குகிறது. நீர் மூடிய சுற்றுக்குள்ளே பொயிலருக்கும் ரேடியேற்றர்களுக்கும் இடையே ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே விரியும் நீருக்காக ஒரு விரிவுக்கலம் வைக்கிறார்கள். கலத்தின் நடுவே ரப்பர்த் திரை. ஒரு பக்கம் நீர், மறுபக்கம் காற்று. நீர் விரிந்தால் காற்று சுருங்கி இடம் கொடுக்கும். இந்த எண்ணம் பழையது. லண்டனில் ஏஞ்சியர் மார்ச் பெர்க்கின்ஸ் என்ற பொறியியலாளர் 1831இல் காப்புரிமை பெற்ற சுடுநீர்ச் சுற்றிலேயே உச்சியில் காற்று நிரம்பிய ஒரு குழாயை இதற்கென்று விட்டுவைத்திருந்தார்.

விரிவுக்கலத்தின் காற்று காலப்போக்கில் கசிந்து குறையும். அப்போது லண்டன் வீட்டுக்காரர் ஒரு புதிரைப் பார்க்கிறார். குளிர்ந்திருக்கும்போது 1 முதல் 1.5 பார் வரை காட்ட வேண்டிய முள், சூடேறியதும் 3 பாரைத் தொடுகிறது. ஆறியதும் பூச்சியத்துக்கு விழுகிறது. வீட்டுக்குள் ஒரு சொட்டு ஈரமும் இல்லை. வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் செப்புக் குழாயைப் போய்ப் பார்த்தால் அதன் வாய் ஈரமாக இருக்கும். 3 பாரில் திறக்கும் காப்பு வால்வு நீரைக் கொட்டியிருக்கிறது. கலத்துக்குக் காற்று ஏற்றினால், அல்லது திரை கிழிந்திருந்தால் கலத்தையே மாற்றினால் தீரும் விஷயம். பலர் செய்வது வேறு: வாரத்துக்கு ஒருமுறை புதுநீரைத் திறந்து முள்ளை மேலே ஏற்றிவிடுவது. புதுநீரோடு புது ஒட்சிசன் உள்ளே போகிறது, ரேடியேற்றர் உட்பக்கமாகத் துருப்பிடிக்கிறது, இரண்டொரு ஆண்டில் நிஜமான ஓட்டை விழுகிறது. பொய்யான ஒழுக்கைச் சரியாகப் படிக்காததால் மெய்யான ஒழுக்கு வந்து சேருகிறது.

மலைநாட்டுக்குத் திரும்புவோம். இங்கே லண்டனில் இல்லாத ஒன்று இருக்கிறது, அது சரிவு.

தோட்டங்களில் தண்ணீர் மேலிருந்து வருகிறது. மலை இடுக்கில் ஊறும் ஊற்றில் சின்ன அணை கட்டி, டாங்கியில் சேர்த்து, பைப் வழியாகக் கீழே விடுவார்கள். பம்ப் தேவையில்லை, மின்சாரச் செலவில்லை. முன்பு அந்த நீர் பீலியில் கொட்டிக்கொண்டே இருந்தது. பீலி திறந்த வாய். எத்தனை உயரத்திலிருந்து வந்தாலும் கொட்டும் இடத்தில் அமுக்கம் தங்காது. பீலியை அடைத்து, பைப்பை வீட்டுக்குள் இழுத்து, நுனியில் டெப் பூட்டிய நாளில்தான் மலையின் எடை வீட்டுக்குள் வந்தது.

கணக்கு எளிது. ஒவ்வொரு 10 மீட்டர் உயர வித்தியாசத்துக்கும் ஏறக்குறைய ஒரு பார். பைப் எத்தனை நீளம், எவ்வளவு தடிப்பு, எத்தனை வளைவு என்பதெல்லாம் நிற்கும் நீருக்குப் பொருட்டே இல்லை, செங்குத்து உயரம் ஒன்றுதான் கணக்கு. கொழும்பில் மாடி டாங்கியிலிருந்து கீழ்வீட்டுக் கீசருக்கு 6 மீட்டர் இருந்தால் 0.6 பார். தேயிலைச் சரிவில் டாங்கி 40 மீட்டர் மேலே இருப்பது சாதாரணம்; 70, 80 மீட்டரும் இருக்கும். 70 மீட்டர் என்றால் 7 பார். 6 பாரில் திறக்கும் வால்வை அந்த வீட்டில் பூட்டினால் நீரைச் சூடாக்காமலே அது இரவும் பகலும் ஒழுகும். கீசரில் எந்தப் பழுதும் இல்லை. வால்வை மாற்றினாலும் அதே கதைதான் தொடரும்.

இதே கணக்கின் பெரிய வடிவம் பக்கத்திலேயே இருக்கிறது. காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களில் சேரும் நீர் மலையைத் துளைத்த சுரங்கங்களிலும் சரிவில் இறங்கும் இராட்சத உருக்குக் குழாய்களிலும் விழுந்து சுழலிகளைச் சுற்றுகிறது. 1950இல் இயங்கத் தொடங்கிய லக்ஷபான மின்நிலையத்துக்கு நீர் இறங்கும் உயரம் நூற்றுக்கணக்கான மீட்டர். மலையின் சரிவையே மின்சாரமாக்கலாம் என்று டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் பொறியியலாளர்களிடம் கட்டுரை வாசித்தார். அரசாங்கம் அதைக் காரியமாக்க முப்பது வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. கீசரைச் சூடாக்கும் மின்சாரமும் அதன் வால்வைத் திறக்கும் அமுக்கமும் ஒரே இடத்திலிருந்து பிறப்பதைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பௌதிகப் பாடமாகவே வைக்கலாம்.

அப்படியானால் ஏன் இரவில்? "பகல்ல ஒழுகவே மாட்டேங்குது, ராத்திரிக்குத்தான்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பேய்க்கதை மாதிரித் தோன்றும். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போகுமுன் ஒரே வரிசையில் இருக்கும் எல்லா வீட்டு டெப்பும் திறந்திருக்கிறது. ஓடும் நீர் பைப்பின் சுவரோடு உராய்ந்து அமுக்கத்தை இழக்கிறது. ஓட்டம் இரு மடங்கானால் இழப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. ஆக, மேலே 7 பாருக்கான உயரம் இருந்தாலும் காலையில் கீழ்வீட்டில் 2 பார்கூட மிஞ்சாது. எல்லோரும் தூங்கியதும் நீர் நின்றுவிடும், உராய்வும் நின்றுவிடும், இழந்த அமுக்கம் முழுதாகத் திரும்பி வரும். நள்ளிரவில் வால்வின் முன்னால் நிற்பது முழு மலை. இதோடு படுக்கப் போகுமுன் கீசரைப் போட்டுவிடும் பழக்கமும் சேர்ந்தால் விரிவும் சரிவும் ஒரே நேரத்தில் நெருக்கும்.

இதற்குத் தீர்வு கீசரில் இல்லை, பைப் வழியில் இருக்கிறது. சரிவின் நடுவே ஒரு சிறு தொட்டி கட்டி, மேலிருந்து வரும் நீரை அதில் திறந்தபடி கொட்டவிட்டு, அங்கிருந்து புதிதாக ஒரு பைப் எடுத்தால் மேற்பாதியின் அமுக்கம் அந்தத் தொட்டியிலேயே ஒழிந்துவிடும். மலைக் கிராமங்களின் நீர்த்திட்டங்களில் உலகமெங்கும் செய்வது இதைத்தான். தனி வீடென்றால் அமுக்கம் குறைக்கும் வால்வு ஒன்றை நுழைவாயிலில் பூட்டி 3 பாருக்கு வைக்கலாம். தோட்டத்து நீர் பொதுச்சொத்து என்பதால் தொட்டி கட்ட யார் செலவழிப்பது என்ற கேள்வி வரும். அது பௌதிகத்துக்குள் அடங்காது.

சொட்டுவதைப் பொறுக்காமல் அந்த மூக்கை அடைத்துவிடுகிறவர்களும் உண்டு. மரக்குச்சி, எபொக்சி, மூடி போட்ட நிப்பிள், எது கையில் கிடைத்தாலும். இந்த அத்தியாயத்தில் நான் குரலை உயர்த்தும் இடம் இது ஒன்றுதான்: அதைச் செய்யாதீர்கள்.

கீசரின் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தை நிறுத்த மறந்தது என்று வைத்துக்கொள்வோம். கூடவே இருக்கும் வெப்பத் துண்டிப்பானும் வேலை செய்யவில்லை. மூக்கு அடைபட்டிருக்கிறது. நீர் 94 பாகையைத் தாண்டுகிறது, கொதிக்கவில்லை, ஏனென்றால் அமுக்கம் அதை நீராகவே பிடித்துவைத்திருக்கிறது. 150 பாகை வரை ஏறிய கணத்தில் தொட்டியின் ஒட்டு பிளக்கிறது. அமுக்கம் சட்டென்று விழுகிறது; அந்த வெப்பநிலையில் நீராக இருக்க உரிமை இழந்த நீரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அந்த நொடியே ஆவியாகிறது. 50 லீட்டரில் 5 லீட்டர் நீர். நுவரெலியாவின் மெல்லிய காற்றில் ஒரு லீட்டர் நீர் 2,000 லீட்டருக்கு மேற்பட்ட ஆவியாக ஊதும். மொத்தம் 10 கனமீட்டர். இரண்டு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரமான ஒரு குளியலறையின் முழுக் கொள்ளளவு அது. மிச்ச நீர் கொதிநிலையில் அறையெங்கும் சிதறும்.

இந்த ஆபத்தைக் கொதிகலன்களின் வரலாறு ஆரம்பத்திலேயே கண்டுகொண்டது. பிரெஞ்சுக்காரரான தெனி பப்பாங் 1679இல் லண்டன் ரோயல் சொசைட்டிக்கு எலும்பை மிருதுவாக வேகவைக்கும் மூடிய பாத்திரத்தைக் காட்டினார். நம் வீட்டு பிரஷர் குக்கரின் மூதாதை அது. பாத்திரம் வெடிக்கக்கூடும் என்று கண்டு அதன் மூடியில் ஒரு துளையும், அந்தத் துளையை நெம்புகோலால் அமுக்கும் எடைக்கல்லும் வைத்தார். கீசரின் ஸ்பிரிங் வால்வு அந்த எடைக்கல்லின் வாரிசு.

கண்டுகொண்டபின்னும் மனிதர் அடைத்துக்கொண்டும் ஒட்டுப்போட்டுக்கொண்டும்தான் இருந்தார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த சமயம், 1865 ஏப்ரலில், சுல்தானா என்ற நீராவிப் படகு மிசிசிப்பி ஆற்றில் வந்துகொண்டிருந்தது. விக்ஸ்பர்க் துறையில் அதன் கொதிகலன் ஒன்றில் தகடு பிதுங்கி நீர் கசிவதைக் கண்டார்கள். தகட்டை முறையாக மாற்ற நாட்கள் பிடிக்கும். அதற்குள் விடுதலையான போர்க்கைதிகளை ஏற்றிச் செல்லும் கட்டணம் வேறு படகுக்குப் போய்விடும். மெல்லிய தகட்டுத் துண்டு ஒன்றை மேலே வைத்து ஒட்டுப்போட்டுப் புறப்பட்டார்கள். 376 பேருக்கான படகில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். ஏப்ரல் 27 அதிகாலை, மெம்பிஸ் நகரத்துக்கு மேலே கொதிகலன்கள் வெடித்தன. ஆயிரத்து நூறுக்கும் அதிகமானோர் மாண்டார்கள். அந்த ஒட்டுத்தான் காரணமா, சேற்றுநீரும் அதிபாரமுமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. கசிவைக் கண்டபின் அவசரப்பட்டார்கள் என்பதில் விவாதம் இல்லை.

இனி வேறு நிறமுள்ள ஒழுக்கு.

வால்வின் மூக்கிலிருந்து வருவது தெளிந்த நீர். உருளையின் உடம்பிலிருந்து, அடித்தட்டின் விளிம்பிலிருந்து, வெள்ளைப் பூச்சில் தேயிலைச் சாயம் போன்ற கறை விட்டுக்கொண்டு வருவது துருநீர். அது தொட்டியே அரிக்கப்பட்டதன் அடையாளம். இந்த இடத்தில் மலைநாட்டு நீரின் குணம் முக்கியமாகிறது.

யாழ்ப்பாணத்தில் கேத்தலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே வெள்ளைப் படை ஒட்டியிருக்கும். சுண்ணக்கல்லுக்குள் தேங்கிய கிணற்று நீர் கல்சியத்தைக் கரைத்துக்கொண்டு வந்து, சூட்டில் அதைக் கல்லாகத் திரும்ப விட்டுவிடுகிறது. நுவரெலியாக் கேத்தலில் அந்தப் படை இராது. இங்கே பாறை பழைமையான உருமாறிய பாறை, எளிதில் கரையாது. மழை பெய்து, மண்ணின் காபனீரொட்சைட்டை வாங்கிக்கொண்டு, கல்சியம் இல்லாமலே ஊற்றாக வருகிறது. மென்னீர், சற்றே அமிலத்தன்மை. மலையகத் தேநீரின் மேல் ஆடை படியாமல் பளிச்சென்று இருப்பதற்கும் இதுவே காரணம். வன்னீரில் தேயிலையின் பொலிபினோல்களும் கல்சியமும் சேர்ந்து மேலே ஒரு மெல்லிய படலம் கட்டிவிடும். (மலைநாடு முழுக்க இப்படி என்று எண்ணவேண்டாம். மாத்தளை, திகன பக்கம் பளிங்குக்கல் பட்டைகள் ஓடுகின்றன. அங்கே கேத்தல் யாழ்ப்பாணத்துக் கேத்தல் மாதிரியே வெளுக்கும்.)

தேநீருக்கு நல்ல நீர் உலோகத்துக்கு நல்லதில்லை. யாழ்ப்பாணத்தில் அந்தச் சுண்ணாம்புப் படை சூடாக்கும் கம்பியைத் திணறடித்தாலும் தொட்டியின் சுவரை மூடிக் காக்கவும் செய்கிறது. மென்னீரில் அப்படிப் போர்வை இல்லை, வெற்று உலோகம் நேராக நீரைத் தொடுகிறது. செப்புக் குழாய் உள்ள வீடுகளில் கைகழுவும் தொட்டியில் நீலப்பச்சைக் கறை பிடிப்பதைப் பார்க்கலாம், கரைந்துவரும் செப்பு அது.

கீசர்த் தொட்டிக்குள் எனாமல் பூச்சு இருக்கிறது. பூச்சில் ஊசிமுனைப் பிசகு எங்காவது இருந்தே தீரும் என்பதால் உள்ளே ஒரு மகனீசியக் கோலையும் தொங்கவிடுகிறார்கள். மகனீசியம் இரும்பைவிட எளிதில் இலத்திரனை விட்டுக்கொடுக்கும். அது கரையும்வரை இரும்பு கரையாது. இந்தத் தந்திரத்தின் முதல் பெரிய பரீட்சை கடலில் நடந்தது. பிரித்தானியக் கடற்படையின் மரக்கப்பல்களுக்கு அடியில் போர்த்தியிருந்த செப்புத் தகடுகள் உப்புநீரில் அரிக்கப்படுவதைத் தடுக்க, 1824இல் ஹம்ஃப்ரி டேவி அவற்றோடு நாகத் துண்டுகளையும் இரும்புத் துண்டுகளையும் சேர்த்துப் பொருத்தினார். செப்பு காப்பாற்றப்பட்டது. ஆனால் கரைந்த செப்பு நஞ்சாக இருந்துதான் கடல் ஒட்டுயிர்களை அதுவரை விரட்டிக்கொண்டிருந்தது என்பது பிறகே தெரிந்தது. காக்கப்பட்ட தகடுகளில் சிப்பியும் பாசியும் மண்டிக் கப்பல்கள் மந்தமாகின. கடற்படை திட்டத்தைக் கைவிட்டது. கீசருக்குள் சிப்பி வளரப்போவதில்லை, ஆதலால் டேவியின் யோசனை அங்கே நன்றாக வேலை செய்கிறது.

கோல் கரைந்து முடிந்ததும் அடுத்தது தொட்டி. ஆண்டுக்கோ இரண்டாண்டுக்கோ ஒருமுறை கழற்றிப் பார்த்து, மெலிந்திருந்தால் மாற்றவேண்டிய சாமான் அது. கழற்றிப் பார்க்கும் வீட்டை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். தொட்டியில் துரு ஓட்டை விழுந்துவிட்டால் வெல்டிங் பயன்படாது. வெல்டிங் சூட்டில் சுற்றியுள்ள எனாமல் உதிர்ந்து பக்கத்தில் புதிய ஓட்டைக்கு இடம் போடும். தொட்டியை மாற்றத்தான் வேண்டும்.

தொட்டி நன்றாயிருந்தும் மூட்டு மட்டும் ஒழுகுவதும் உண்டு. நாகம் பூசிய ஜீ.ஐ. பைப்பையும் செப்பு அல்லது பித்தளை நிப்பிளையும் நேரடியாகத் திருகிப் பூட்டிய இடத்தில் இரண்டு உலோகமும் நீரும் சேர்ந்து ஒரு மின்கலமாகிவிடுகின்றன. முதலில் நாகம் போகும், பிறகு இரும்பின் மரைகள் கரையும். வெள்ளை டேப் எத்தனை சுற்றினாலும் கரையும் மரையை அது பிடித்து வைக்காது. நடுவே மின்கடத்தாத இணைப்பு ஒன்றைப் பூட்டுவதோ, அந்தக் கடைசித் துண்டைச் சுடுநீருக்கென்று செய்த பிளாஸ்டிக் பைப்பாக மாற்றுவதோதான் வேலைக்கு ஆகும்.

இவை எதையும் தொடுமுன் மின்சாரத்தை நிறுத்துங்கள், கீசரின் சுவிட்சில் மட்டுமல்ல, பிரேக்கரிலேயே. துருநீர் வரும் கீசரில் கம்பியின் உறையும் அரித்திருக்க வாய்ப்புண்டு. கீசரைப் போடும்போதெல்லாம் ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் அது சுவிட்சின் கோளாறு என்று எண்ணி அதைக் கழற்றிவிடுவது, வால்வின் மூக்கை அடைப்பதற்குச் சமமான வேலை.

மூக்கிலிருந்து தெளிந்த நீர்தான் வருகிறது, ஆனால் விரிவா சரிவா என்று தெரியவில்லை என்றால் ஒரு வாளி போதும். முதலில் கீசரின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தொட்டி ஆறியபின், ஓர் இரவு முழுக்க மூக்கின் கீழே வாளியை வையுங்கள். குளிர்ந்த கீசர் இரவில் சொட்டினால் மேலே இருக்கும் டாங்கியின் உயரம் அதிகம், அல்லது வால்வின் இருக்கையில் மணல் துகள் சிக்கியிருக்கிறது. கைப்பிடி இருந்தால் அதைச் சில முறை தூக்கி விட்டு நீரைப் பீச்சவிட்டால் துகள் போய்விடும். அதன்பிறகும் சொட்டினால் பெரும்பாலும் உயரம்தான் காரணம். அடுத்த இரவு கீசரைப் போட்டு, சுடுநீர்க் குழாயைத் தொடாமல், மறுபடி வாளியை வையுங்கள். குளிரில் காய்ந்திருந்து, சூட்டில் மட்டும் சொட்டி, 50 லீட்டர் கீசரில் ஒரு லீட்டருக்குள் நின்றுவிட்டால் எதையும் பழுதுபார்க்க வேண்டியதில்லை. மூக்கில் ஒரு மெல்லிய பைப்பைச் செருகி, வாய் திறந்திருக்கும்படி கீழ்நோக்கி, வடிகாணுக்கு விட்டுவிடலாம். சூடேறி முடிந்த பின்னும் நிற்காமல் இரண்டு, மூன்று லீட்டர் என்று வாளி நிறைந்துகொண்டே போனால் கீசரை விட்டுவிட்டு மலையேறி டாங்கியையும் பைப் வழியையும் பார்க்க வேண்டும்.

வாளியே வேண்டாத ஒழுக்கும் ஒன்று உண்டு. மூடுபனி இறங்கிய நாட்களில் ஈரம் நிறைந்த காற்று, ஊற்றுநீர் ஓடும் குளிர்ந்த பைப்பில் பட்டு வியர்க்கும். சுடுநீரில் குளித்து முடித்த அறையில் இன்னும் அதிகம் வியர்க்கும். பைப்பைத் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். மூட்டில் ஒரே புள்ளியில் ஈரம் திரும்பி வந்தால் கசிவு. நீளம் முழுக்கப் பொடிப்பொடியாகப் பூத்தால் அது காற்றிலிருந்து வந்த நீர். அந்தப் பைப்பைப் பஞ்சுறையால் சுற்றிவிட்டால் போதும், பிளம்பரைக் கூப்பிட வேண்டியதில்லை.